ஈ துளைத்த இடம்

செவ்வாய், மூன்று மணி, நிலவறை எண் நான்கு.
கதவில் ஒட்டிய தாளில் பாடத்தின் பெயர்
இரண்டு வரிக்கு நீள்கிறது.
முழுதாக யாரும் சொன்னதில்லை.
"தோல் வகுப்பு" என்போம்.

க்ரோனிங்கனில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
சைக்கிளை நனையவிட்டு இறங்கி வந்தால்
ஒரே மேஜை:
வேதியியல்காரன் யெல்மர்,
பழைய இசை படிக்கும் ஔக்யே,
கணக்கேடுகளைக் காதலிக்கும் ஷூர்ட்,
பொருளாதாரத்தில் தோற்று ஒதுங்கிய நான்.
கடைசி நாற்காலியில் ஹிஸ்கே.
கால்நடை மருத்துவத்தைப் பாதியில் விட்டவள்.
செப்டம்பரிலிருந்து வாய் திறக்கவில்லை.

நடுவில் ஒரே ஒரு ஏடு.
ஏதோ கன்னிமாடத்தின் வரவுசெலவு,
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்:
மெழுகு, வாத்துமுட்டை, கூரைக்கு நாணல்.
இருநூறு வருஷம் கழித்து எவனோ ஒரு படகுத் தரகன்
அதை மடித்து
தன் வெண்ணெய்க் கணக்குக்கு அட்டை போட்டான்.
எல்லோரும் முகர்ந்து பார்த்தோம்.
வெண்ணெய் இல்லை, மெழுகும் இல்லை,
மழையில் நனைந்த எங்கள் கம்பளிதான் மணத்தது.

ஆசிரியர்கள் இருவர்.
ஸ்லாயிட்டர் அம்மையாருக்கு ஏடு என்றால் சொல்.
ஹைடெமாவுக்கு ஏடு என்றால் புரதம்.
ஒருவர் பேசும்போது மற்றவர்
கூரைக் குழாயை ஆராய்வார்.

யெல்மர் அழிரப்பரால் ஓரத்தை வருடினான்,
தூங்கும் குழந்தையின் மூக்கைத் துடைப்பதுபோல்.
உதிர்ந்த துகளைக் குப்பியில் அடைத்து அனுப்பி
நாலு வாரம் காத்திருந்தோம்.
செம்மறி என்று பந்தயம் கட்டியிருந்தான் ஷூர்ட்.
வந்தது கன்று.
ஐந்து காபி அவன் கணக்கில்.

அப்புறம் அந்தத் துளை.
பட்டாணி அளவு, ஓரம் சுத்தமான வட்டம்.
எழுதியவள் தயங்கவே இல்லை.
ஒரு சொல்லின் பாதியை இக்கரையில் விட்டு
மீதியை அக்கரையில் எழுதியிருக்கிறாள்.
கடன் என்ற சொல்.
அந்த ஊர்ப் பேச்சில் அதற்குக் குற்றம் என்றும் பொருள்.

எலி, என்றான் ஷூர்ட்.
உரித்தவன் கத்தி பிசகியது, என்றார் அம்மையார்.
ஔக்யே அந்த வரியைச் சத்தமாக வாசித்தாள்.
துளை வந்ததும் ஒரு மாத்திரை மூச்சை நிறுத்தி,
பிறகு மீதிச் சொல்லைச் சொன்னாள்.
அந்த ஒரு மாத்திரையில்
குழாயில் நீர் ஓடுவது கேட்டது.

"ஈ," என்றாள் ஹிஸ்கே.

கோடையில் மயிரில் முட்டையிடும்.
புழு உள்ளே புகுந்து
குளிர்காலம் முழுக்க உடம்புக்குள்ளேயே நடந்து
முதுகுக்கு வந்து சேரும்.
மூச்சுவிடத் தோலில் ஒரு வாசல் திறந்துகொள்ளும்.
"எங்கள் வீட்டு முக்காலியில் போர்த்திய பழந்தோலில்
இப்படி ஏழு இருக்கின்றன.
இந்தக் கன்று ஒரு கோடை மேய்ந்திருக்கிறது.
புண் ஆறுவதற்குள் வெட்டிவிட்டார்கள்.
பிப்ரவரி, மார்ச்.
உலர்புல் தீர்ந்திருக்கும்."

ஷூர்ட் அவசரமாக வரியைத் தேடினான்.
உலர்புல் வாங்கிய கடன், இதோ, இதோ!
அம்மையார் கை உயர்த்தினார்:
"அது வேறு வருஷத்துக் கன்றாக இருக்கலாம்,
வேறு ஊராகவும் இருக்கலாம்."
முதல் முறையாக ஹைடெமா தலையசைத்தார்.

கடைசி வாரம்
தரகனின் புத்தகத்தை இரவல் வாங்கி வந்தார்கள்.
அட்டையை அதன் பழைய மடிப்பில் பொருத்தினோம்.
துளைக்கு நேர் கீழே, முதல் பக்கத்தில்,
பட்டாணி அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம்.
எங்கோ ஒரு ஜன்னலோரம்
எத்தனையோ வருஷ வெயில்
ஒரு புழு திறந்த வாசல் வழியே புகுந்து
வெண்ணெய்க்காரனின் ஓர் இலக்கத்தைச்
சுட்டுவைத்திருந்தது.
மூன்றா எட்டா, இன்றுவரை தெரியவில்லை.
யார் யாருக்கு எத்தனை பீப்பாய் தர வேண்டுமோ.

மதிப்பெண் படிவத்தில் ஒரு கட்டம்:
கட்டுரை எந்தத் துறையைச் சேர்ந்தது,
ஒன்றை மட்டும் எழுதவும்.
ஔக்யே இசை என்றாள். நான் இரண்டு தரம் அடித்தேன்.

மழையில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்த
ஹிஸ்கேயிடம் கேட்டேன்,
நீ என்ன எழுதினாய்?

சீட்டைத் துடைத்தபடி சொன்னாள்:
மாடு.