தார் முடியும் இடம்

கானாடுகாத்தான் விலக்கில் இறங்கினால்
முதல் இருநூறு அடிக்குத் தார் உண்டு.
போன தேர்தலில் வேட்பாளரின் ஜீப்
வந்து திரும்பிய தூரம்.
அப்புறம் கிராவல்.
பதினோரு கிலோமீட்டர், சிவப்பு.

ஞாயிறு காலை ஐந்தே முக்கால்.
வாரம் ஆறு நாள்
காரைக்குடி லேபில் ரத்தம் எடுக்கும் கை
ஹேண்டில்பாரைப் பிடிக்கிறது.
ஜெர்மனிக்குப் படிக்கப் போன பையன் ஒருவன்
பாதி விலைக்கு விட்டுப்போன கியர் சைக்கிள்.
சீட் உயரம் இன்னும் அவனுடையதுதான்.

தாரில் சக்கரம் முணுமுணுக்கும்.
இங்கே கடலை வறுக்கும்.
பொடிச் சரளை, வெல்லம் உடைத்த மாதிரிச் சரளை,
மழை அரித்துப் பல்லிளிக்கும் செம்புறாங்கல்,
நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மணல்திட்டு.
அங்கே பிரேக்கைத் தொட்டால் விழுந்தாய்.
பிடியைத் தளர்த்தி, மிதித்துக்கொண்டே,
ஊசிக்குக் கை நீட்டும் பிள்ளைகளிடம் சொல்வதை
எனக்கே சொல்லிக்கொள்வேன்:
ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல.

இந்தச் சீமையில் மேடே கிடையாது என்பார்கள்.
கண்ணுக்குக் கிடையாதுதான்.
தொடைக்குத் தெரியும்.
மேட்டுக்கு மேடு ஒரு கண்மாய்,
கண்மாய்க்கு ஒரு கலுங்கு.
மேலது நிறைந்து கீழதுக்குத்
தண்ணீர் சிரமமில்லாமல் இறங்கிய வழியில்
நான் மூச்சு வாங்க ஏறுகிறேன்.

பஸ் இல்லை, லாரி இல்லை.
குறுக்கே அவசரமாய் ஒரு கீரி.
தைலமரத் தோப்பிலிருந்து
விறகுக்கட்டோடு ஒரு டிவிஎஸ்,
ஓட்டி வந்தவர் வேகம் குறைத்து
"ரிப்பேரா?" என்றார்.
"இல்ல, சும்மா ஓட்டுறேன்."
"சும்மாவா?"
அவர் போய்விட்டார்.
அந்தக் கேள்வி அடுத்த கண்மாய் வரை
கேரியரில் உட்கார்ந்து வந்தது.

ஆறாவது கிலோமீட்டரில் கருவேல முள்.
ஒரு நீண்ட மூச்சு, அவ்வளவுதான்.
கலுங்கோரம் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி தேடினேன்.
நரம்பு தேடுகிற அதே விரல்கள்.

துணி துவைக்க வந்த சலேத்மேரி
பக்கத்தில் வந்து நின்றாள்.
இடுப்பில் இருந்த பையன் இறங்கி
அந்தரத்தில் நின்ற சக்கரத்தைச் சுற்றிவிட்டான்.
"இந்த ரோடு சாங்ஷன் ஆயிருச்சு, தெரியுமா?
தாரு வருது."
என் முகம் என்ன செய்ததோ,
அவள் பார்த்துவிட்டாள்.
"ஏன், நல்லதுதான?"
"நல்லதுதான்."

"இவன் வயித்துல இருக்கையில அடமழ.
நூத்தியெட்டு வண்டி தாரு முடியிற இடத்துல
நின்னுக்கிருச்சு, சேத்துல எறங்க மாட்டேன்னு.
டிராக்டர்ல கொண்டு போனாக.
அது குலுக்குன குலுக்குல
நடுவழியிலயே பொறந்துட்டான்."
"எந்த இடத்துல?"
"அந்தா, அந்த இலுப்ப மரத்தடியில."

வாராவாரம் நான் தண்ணீர் குடிக்க நிற்கும் நிழல்.
நல்ல நிழல் என்று
போட்டோகூட எடுத்திருக்கிறேன்.

"பேரு என்ன?"
"அருளானந்து. ஆனா ஊருல எல்லாரும்
கிராவல்னுதான் கூப்புடுவாக."
அவன் திரும்பிப் பார்த்தான்.
சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒட்டு காய்ந்தது. காற்றடித்தேன்.
திரும்புகையில் இலுப்பையடியில் நின்றேன்,
குடிக்காமல் பாட்டிலை மூடினேன்.
சரளை கொஞ்ச நேரம் கூடவே பேசி வந்தது,
தாரில் ஏறியதும் வாயை மூடிக்கொண்டது.

அங்கே ஓரத்தில் ஜல்லிக் குவியல் இரண்டு,
சுண்ணாம்பில் எண் போட்டு.
காலையில் இதே வழியில்தான் வந்தேன்.
பார்த்த ஞாபகம் இல்லை.