மீதி ஐந்து

பல்லடத்துக்குத் தெற்கே
காற்றாலைகள் அசையாத ராத்திரி.
குஞ்சு பொரிப்பகத்தின் மூன்றாம் அறையில்
இருபத்தோராம் நாள் முடிந்து
இருபத்திரண்டும் பாதி போயிற்று.
பதினோராயிரம் முட்டை. ஒரு கீச்சுமில்லை.

"பொரிக்கலீங்" என்றார் சென்னியப்பன்.
"சூடு சரின்னுதானுங் உங்க பெட்டி எழுதுது."

சூடாக்குவது வேறு கம்பெனி எந்திரம்.
என் பெட்டி பார்க்கும், எழுதும்,
பத்து வரிக்கொருமுறை கார்டுக்குள் தள்ளும்.
மின்வெட்டில் ஒன்பது வரிக்கு மேல் தொலைந்ததில்லை என்று
ஆபீசில் பீற்றிக்கொண்டதுண்டு.

கார்டைப் பிடுங்கி மடிக்கணினியில் திறந்தேன்.
தேதி, நேரம், சூடு,
விசைத்தறிப் பாவு போல ஒரே சீர்:

37.5
37.6
37.4
37.5

அவர் கண்ணாடி வெப்பமானியைக் கதவிடுக்கில் நீட்டினார்.
முப்பத்தேழு. அதற்கு மேல் ஒரு மயிரிழை.
"இதுல எதுங் பொய்?"

கீழே, கீழே, இன்னும் கீழே தள்ளிப் போகையில்
ஒரு வரி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது:

37.12

எப்படி இதற்கு மட்டும் இரண்டு இலக்கம்?

சின்ன சிப். தசமம் எழுதத் தெரியாது,
கற்றுக்கொடுக்க உள்ளே இடமில்லை.
அதனால் நூறால் பெருக்கிய முழு எண்ணாக வைத்து
எழுதும்போது வகுப்பேன்.
ஈவு, ஒரு புள்ளி, மீதி.
மூவாயிரத்து எழுநூற்று ஐந்து.
ஈவு முப்பத்தேழு.
மீதி ஐந்து.
ஐந்துக்கு முன் நிற்க வேண்டிய பூஜ்யத்தை
நான் கேட்கவில்லை.
அதுவும் தரவில்லை.

%d.%d

சரவணம்பட்டியில் ஒரு மத்தியானம், பஜ்ஜி கையோடு அடித்தது.
அன்றைக்கு அறையில் 29.41.
சரியாகத்தான் வந்தது.

%d.%02d

இரண்டே எழுத்து.
திரும்ப ஏற்றினேன். பெட்டி கண் சிமிட்டி, எழுதியது:
37.05

சென்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை.
எந்திரத்தின் திருகை அரைச்சுற்றுத் திருப்பிவிட்டு
எட்டாம் தட்டை இழுத்து, காது வைத்துக் கேட்டார்.
"அந்தப் பழைய வரியெல்லாம்?"
"அப்படியே கிடக்கும்."
"கிடக்கட்டுங்."

நாலரைக்கு வண்டியைக் கிளப்பும்போது எண்ணிப் பார்த்தேன்.
பொங்கலூரில் இரண்டு பெட்டி.
காங்கயத்தில் ஒன்று.
உடுமலையில் நான்கு,
அதில் ஒன்று பால் குளிரூட்டும் நிலையத்தில்.
நாலு புள்ளி பூஜ்யம் எட்டை
இந்நேரம் எப்படி எழுதிக்கொண்டிருக்கிறதோ.