பன்னிரண்டு வோல்ட்

பாகாவ் கடைத்தெருவில் மழை.
செம்பனை லாரியொன்று சேறடித்துப் போகிறது.
தவுக்கே இரண்டையும் மேசையில் வைத்தார்:
பதினெட்டு. பன்னிரண்டு.

"பெருசை எடு, சிமெண்டும் துளைக்கும்."

எனக்கு எதற்குச் சிமெண்ட்?
கொட்டகையில் கிடப்பது கித்தாப் பலகை,
ஓரத்தில் அவசரப்பட்டால் வாய் பிளக்கும்.

புல்வெட்டியின் பேட்டரி பச்சை;
இதையும் பச்சையாக வாங்கினால் மிச்சம் என்கிறான் தனசீலன்.
ஒரு பேட்டரிக்கு வாக்கப்பட்டால்
அதன் குடும்பத்துக்கே உழைக்க வேண்டும்.

தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன்,
அலமாரியின் மேல்தட்டு வரப்போகும் உயரத்துக்கு.
பெரியது
பத்து எண்ணுவதற்குள் மணிக்கட்டைக் கேட்டது.
சிறியது மழை விடும்வரை நின்றிருக்கும்.

இருநூற்றுப் பத்து வெள்ளி.
துளைமுனைப் பெட்டி இலவசமா என்றேன்.
தவுக்கே சிரிக்கவில்லை;
நான்கு முனை மட்டும்
காகிதத்தில் மடித்துத் தந்தார்.