எழுபத்தைந்து

சென்னையிலிருந்து வந்த பொறியாளர்
இரண்டு நாள் இருந்துவிட்டு இரவு ரயில் ஏறினார்.
நானூறு பக்கக் கையேட்டை வைத்துப் போனார்,
கூடவே ஒரு வாக்கையும்:
"பயப்படாதீங்க, அதுவே சொல்லும்."

அது சொன்னது ஒன்றுதான்.
பிளாஸ்மா பற்றவில்லை.

ஆர்கான் உருளை வரும் லாரி
கொரடாச்சேரியில் அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால்
ஒரு மதியம் முழுக்க ஊர்ந்தது.
வந்தபின் நானும் ஹாஜா மைதீனும்
குழாய்மூட்டுகளில் சோப்பு நுரை தடவி
எங்கே குமிழ் எழுகிறதென்று பார்த்திருந்தோம்.
நான்காவது மூட்டில் எழுந்தது.

பிறகு டிக் டிக் டிக் என்று பொறி.
டப்.
கண்ணாடிச் சன்னலுக்குள் நின்றது
புகையில்லாத, விறகு கேட்காத ஒரு வெள்ளை.
உள்ளே ஏழாயிரம் டிகிரி.
வெளியே திருவாரூர் மே மாதம், நாற்பது.
இரண்டுக்கும் நடுவில் ஏசி
மூச்சு வாங்கியது.

முதலில் வெற்று நீர்.
எதுவுமே இல்லாததை அளக்கப் பழக வேண்டும்.
எதுவுமே இல்லாததில் துத்தநாகம் இருந்தது:
கையுறை மாவு.
கையுறையை மாற்றினேன், அலுமினியம்:
பைபாஸ் சாலைத் தூசி.
சன்னலை அடைத்தேன், சோடியம்:
என் நெற்றி வியர்வை.
ஒரு வாரம்
என்னையே அளந்துகொண்டிருந்தேன்.

அடுத்தது தரக்கரைசல்கள்.
ஒன்று, ஐந்து, பத்து, ஐம்பது.
மூன்று புள்ளிகள் கோட்டில் உட்கார்ந்தன,
ஐம்பது மட்டும் எகிறியது.
பிப்பெட் முனையில் தொங்கிய துளியைத்
துடைக்காமல் விட்ட கை என்னுடையது.
கோடு நேரானபோது மணி இரவு ஒன்பது.
ஹாஜா பரோட்டா வாங்கி வந்திருந்தான்,
வாசலுக்கு வெளியே நின்று தின்றோம்.
சால்னாவிலும் துத்தநாகம் இருக்கும்.

தலைஞாயிறிலிருந்து வந்தாள் செங்கொடி.
அப்பா எந்தக் கட்சி என்று கேட்க வேண்டியதில்லை.
பச்சை சோடா பாட்டிலில் அடிபம்புத் தண்ணீர்.
"அங்கன்வாடிக்கு எதிர்த்தாப்ல இருக்கு" என்றாள்.

திரையில்: ஆர்சனிக். நிறை எழுபத்தைந்து.
பதினான்கு.

பத்தைத் தாண்டக் கூடாது.
பத்து என்றால்
பத்தாயிரம் லிட்டர் டேங்கரில்
ஒரு சிட்டிகைகூட இல்லை.
அங்கன்வாடி வாசலில் வரிசையாய் நிற்கும்
எவர்சில்வர் டம்ளர்கள் கண்ணுக்குள் வந்தன.
போனை எடுத்தேன்,
பாதி எண் அழுத்தினேன்,
வைத்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
ஆர்கான் நாற்பது. நான் ஊட்டும் வாயு.
குளோரின் முப்பத்தைந்து. உப்பில் இருப்பது.
நெருப்புக்குள் இரண்டும் கைகோத்தால்
எழுபத்தைந்து.
கருவிக்கு எடை தெரியும்,
முகம் தெரியாது.

ஹீலியத்தைத் திறந்தேன்.
பருத்த ஜோடி மோதி மோதித் தளர்ந்து
வாசலுக்கு வெளியே நின்றுவிடும்,
மெலிந்த தனியன் மட்டும் நழுவி உள்ளே வருவான்.
காத்திருந்தேன்.
ஒன்று புள்ளி இரண்டு.
மறுபடி ஓட்டினேன். ஒன்று புள்ளி ஒன்று.

"விஷம் இல்லைங்க" என்றேன் போனில்.
"உப்பு மட்டும்தான். குளோரைடு ரெண்டாயிரத்துக்கு மேல."

"அது நாக்குக்கே தெரியுமேங்க,
அதுக்கா மெஷினு?"
பின்னால் ஒரு ஆடு கத்தியது.
"சோறாக்க உப்பு வாங்கி ரெண்டு வருஷமாச்சு.
சரி, அந்த ரெண்டாயிரத்த
முத்திரை போட்டு எழுதித் தருவீங்களா?
திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல
நாக்க நீட்டிக் காட்ட முடியாதுல்ல."

எழுதினேன். முத்திரை குத்தினேன்.

மாலையில் கருவியை அணைத்துக்
கூம்பைக் கழற்றினேன்.
நீர்த்து ஓட்ட மறந்திருக்கிறேன்;
ஒரு மில்லிமீட்டர் துளையைச் சுற்றி
வெள்ளையாய் ஒரு வளையம்.
கடல் அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்.

பஞ்சைத் தொட்டுத் துடைத்தேன்.
முழுசாய்ப் போகவில்லை.