பெயர் வைப்பவள்

கல்லுக்குப் பெயர் வைப்பது என் வேலை.
லோடா எக்ஸ்போர்ட்ஸ், ஜெய்ப்பூர், இரண்டாம் மாடி,
குளிர்சாதனத்துக்கு நேர் கீழே என் மேசை.
பிஜோலியா சுரங்கங்களிலிருந்து
உள்ளங்கையளவு சதுரங்களாய்
இந்தி நாளிதழில் சுற்றி வந்து சேரும்.
போன பருவத்துச் சாம்பல் கல்லுக்கு
'நவம்பர் காலை' என்று வைத்தேன்.
நான்கு கண்டெய்னர் போயிற்று பெல்ஜியத்துக்கு.
வெறும் எண்ணாய் இருந்தபோது
அதை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

சுரங்கத்தில் அதற்கு வேறு பெயராம்.
லாரி ஓட்டிவரும் நாராயண் குர்ஜர் சொன்னான்:
கஞ்சன்.
எவ்வளவு அடித்தாலும் உளிக்கு எதையும் தராதாம்.
சிரித்தேன்.
பட்டியலில் சேர்க்கிற பெயரா அது.

கண்காட்சியில் எங்கள் அரங்கு பதினெட்டு சதுர மீட்டர்.
ஒரு பக்கம் துருக்கிக்காரர்கள்,
மறுபக்கம் கிஷன்கட் மார்பிள், இலவச லஸ்ஸியோடு.
லோடா ஜி என் கையில் தெளிப்பான் தந்தார்,
முடிதிருத்தும் கடையில் இருக்குமே, அந்த நீலப் புட்டி.
"உலர்ந்த கல்லை யாருக்கும் காட்டாதே, பிரமிளா.
நனைந்தால்தான் அது வாய் திறக்கும்."

உண்மைதான். ஒரே பீச்சு.
வெளிறிக் கிடந்த பலகையில்
வற்றல் மிளகாயின் செம்மை ஏறும்.
எந்தக் காலத்துக் கடலோ விட்டுப்போன அலைவரிகள்
ஒவ்வொன்றாய் எழுந்து வரும்.
வாங்க வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்.
அந்த நொடியில் விலை சொல்லிவிட வேண்டும்,
காய்வதற்குள்.

மூன்றாம் நாள் மாலை நாராயண் வந்தான்,
நுழைவு அட்டை இல்லாமல் எப்படி வந்தானோ.
கையில் பழுப்பு உறை.
அவன் மைத்துனன் கஜோடின் மார்புப் படம்.
முப்பத்துநான்கு வயது,
பதினோரு வருடம் துளைப்பான் பிடித்தவன்.
"படித்தவர் நீங்கள், பார்த்துச் சொல்லுங்கள் மேடம்,
டிபியா, மற்றதா?
டிபி என்றால் மாத்திரை போதும்.
மற்றது என்றால் சான்றிதழ், வரிசை, உதவித்தொகை,
பிறகு மறுபடியும் வரிசை."

வெளிச்சம் தேடினேன்.
ஓனிக்ஸ் பலகைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது.
அதன்மேல் படத்தை ஒட்டிப் பிடித்தேன்.
கருமை. அதில் பொடிப்பொடியாய் வெண்புள்ளிகள்,
மேலே நெருங்கி, கீழே அவிழ்ந்து.
பழகிய கண், என் அனுமதி கேட்கவில்லை.
'பௌஷ மாத வானம்'
என்று நாக்கில் வந்து நின்றது பெயர்.
விழுங்கினேன்.
அடியில் மருத்துவர் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"மற்றது."

தலையாட்டினான். தெரிந்துதான் வந்திருந்தான்.
உறையில் படத்தைச் செருகும்போது
நீலப் புட்டியைப் பார்த்தான்.
"துளைக்கும்போது இப்படித்தான் தண்ணீர் விடணுமாம்,
தூசி எழும்பாதாம். முகாமில் சொன்னார்கள்.
டேங்கர் எண்ணூறு ரூபாய், மேடம்."
குறையாய்ச் சொல்லவில்லை.
விலை சொன்னான், அவ்வளவுதான்.

கெண்ட் நகரத்து யோஸ்ட் அப்போதுதான் திரும்பி வந்தார்.
ஆறாயிரம் சதுர மீட்டர், நகரச் சதுக்கம்.
மழையில் வழுக்குமா என்று மறுபடி கேட்டார்.
'நவம்பர் காலை'யை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.
லோடா ஜி கண் காட்டினார்.
பீச்சினேன்.
வாய் திறந்தது கஞ்சன்.

விலைப்படிவம் எழுதுவதும் நானே.
கல், பேக்கிங், முந்த்ரா துறைமுகம் வரை லாரி.
அதன் கீழே ஒரு வரி கூட்டினேன்:
தண்ணீர், சதுர மீட்டருக்குப் பதினோரு சென்ட்.
மனக்கணக்கில் எழுபது டேங்கருக்கு மேல் வந்தது.

யோஸ்ட் அந்த வரியில் விரல் வைத்தார்.
"இது எதற்கு?"
"கல்லை நனைக்க," என்றேன்.
புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
வாய்விட்டுச் சிரித்தார்,
சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

லோடா ஜி சிரிக்கவில்லை.
படிவத்தை மடிக்காமல்
அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பலகை அதற்குள் காய்ந்திருந்தது.