ஆறு மில்லிமீட்டர்

லைப்ஸிக். இரவு இரண்டே முக்கால்.
பதினாறு மீட்டர் ஆழத்தில்
இயந்திரம் மண்ணைத் தின்றுகொண்டே நகர்கிறது.
தின்ற இடத்துக்கு மேலே
ஒரு வீடு உட்காருகிறது,
சத்தமில்லாமல், ஆறு மில்லிமீட்டர்.

பம்பறையில் நான்.
பதினேழாம் குழாய், நாற்பத்திரண்டாம் துளை:
முப்பது லிட்டர் சிமெண்டுப் பால்.
அழுத்தம் ஏறுகிறது, தயங்குகிறது,
எங்கோ மண் வாய் திறந்து
வாங்கிக்கொள்கிறது.
நிறுத்து. பொறு. இன்னும் இருபது.

மூன்றாம் மாடியில்
வென்டெலின் ஷ்ராம் தூங்குகிறார்.
கட்டிலோடு, அலமாரியோடு,
கழுவாமல் விட்ட சட்டியோடு
அவரைத் தூக்கி வைக்கிறேன்.
புரண்டுகூடப் படுக்கவில்லை.

காலையில் வந்தார், கோபமாக.
போன வாரம் கதவு நிலையில் இடித்ததாம்.
இழைப்புளி இரவல் வாங்கி
இரண்டு நாள் சீவினாராம்.
கச்சிதமாக மூடியதாம்.
இப்போது
நாணயம் நுழையும் சந்து;
படிக்கட்டு விளக்கின் வெளிச்சம்
அதன் வழியே வந்து
அவர் தலையணையில் படுக்கிறது.

வீடு பழைய மட்டத்துக்கே வந்துவிட்டது என்றேன்,
வரைபடத்தில் கோடு நேரானதைக் காட்டி.
"கதவு?" என்றார்.

முறைப் பதிவேட்டில்
குழாய் எண், லிட்டர், அழுத்தம் எல்லாம் எழுதினேன்.
சேதம் என்ற கட்டத்தில்
மரத்தூள் என்று எழுதி
அடித்துவிட்டேன்.