எதிர்ச்சுற்று

நிலையூர்ச் சாயப்பட்டறைக்குப் பின்னால்
ஒற்றை உருளை, இரண்டு பறசக்கரம்.
பெயர்த்தகடு போய்
நான்கு ஆணி மட்டும் மிச்சம்.
இதே வார்ப்பில் இன்னொன்று
எங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஊதுவிளக்கின் நாக்கு
தலைக்குமிழை நக்குகிறது.
துளசிராம் மணி பார்க்கிறான்,
நான் நிறம் பார்க்கிறேன்:
கத்தரிப்பூ, செங்கல், அப்புறம்
சுங்குடியில் முடிச்சவிழ்ந்த அரக்கு.
இதுதான்.

சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி
அழுத்தம் முட்டுகிற இடத்தில்
விடுகிறேன் கையை.
(கட்டைவிரலை மடக்கக் கூடாது.
போன வருஷம் மடக்கினேன்.
நகம் இன்னும் கோணல்.)

டப்.
ஒன்றுமில்லை.
மறுபடி.
டப். டப்... டப் டப் டப்
குன்றத்துப் பாறை அதைத் திருப்பிச் சொல்கிறது,
அரை நொடி தாமதமாக.

"அக்கா, ரிவர்ஸ்ல ஓடுதுக்கா!"

தெரியும்.
எண்ணெயைக் குறைத்து
சாகவிருக்கும் நொடியில் ஒரு மிடறு ஊட்டினால்
திசை மாறும்.
குமிழியில் கை வைத்தேன்.

பம்பும் இல்லை, பெல்ட்டும் இல்லை.
எந்தப் பக்கம் சுற்றினால் என்ன அதுக்கு?
கையை எடுத்துவிட்டேன்.

காயும் சேலையில் கரி விழுதென்று
சண்டைக்கு வந்தார் அடுத்த பட்டறை கோவர்த்தனன்.
வாய் திறந்தார்.
சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால்
செருப்பைக் கழற்றிவிட்டு
அதிர்கிற தரையில்
வெறுங்காலோடு நிற்கிறார்.